ஃபிளாட் ஹாலுக்கு நிஜம் மாதிரி இருக்கும் செயற்கை கிறிஸ்துமஸ் மரம் எது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். வேளச்சேரியில் இரண்டாவது மாடி ஃபிளாட். போன வருஷம் ஆன்லைனில் வாங்கிய ஆறடி மரம் படத்தில் புசுபுசுவென்று இருந்தது, பெட்டியைத் திறந்தால் பச்சை பெயின்ட் அடித்த குடைக்கம்பி மாதிரி இருந்தது. இந்த வருஷம் 1,200 டிப்ஸ், அதாவது கிளை நுனிகள், போட்ட மரம் ஒன்றும், 800 டிப்ஸ் போட்டு அதைவிட விலை கூடுதலான மரம் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். இரண்டில் எது பிளாஸ்டிக் மாதிரி தெரியாது, சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்று கேட்கிறீர்கள். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை, ஒரு பூனை. அப்புறம் கடைசி வரியில், “எங்க ஊர்ல சவுக்குக் கிளையை வெட்டி வெப்போம், அதுக்கு இதெல்லாம் ஈடாகுமா” என்று மாமியார் சொல்வதாக எழுதி ஒரு சிரிப்பு பொம்மை போட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ விஷயமே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று படுகிறது.

நான் இருபது வருஷத்துக்கு மேலாகச் சென்னையில் கிறிஸ்துமஸ் அலங்கார வேலை எடுத்துச் செய்கிறவன். ஓட்டல் வரவேற்பறையில் நிற்கும் பதினெட்டு அடி மரத்திலிருந்து டி.வி. ஸ்டாண்ட் மேல் வைக்கும் இரண்டடி மரம் வரை எல்லாவற்றிலும் கை வைத்திருக்கிறேன். நவம்பர் கடைசியில் ஆரம்பித்தால், ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து கடைசிப் பெட்டியைக் கோடவுனில் ஏற்றும்வரை கையில் கம்பிக் கீறல் இல்லாத நாள் கிடையாது. வேதியியல் படித்தவன் இல்லை. கீழே பொருளைப் பற்றிச் சொல்வது எல்லோருக்கும் தெரிந்த பொதுவான விவரம். எது எத்தனை நாள் உழைக்கும், எது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று சொல்வதெல்லாம் என் கை அனுபவம், அதுவும் சென்னைக் காற்றில் கிடைத்த அனுபவம். ஊட்டியில் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

‘நிஜம்’ என்றால் எந்த நிஜம் என்று முதலில் பார்த்துவிடலாம். ஐரோப்பாவில் வீட்டுக்குள் வைக்கும் மரங்கள் ஃபிர், ஸ்புரூஸ், பைன் என்று மூன்று வகை. ஃபிர் ஊசி தட்டையாக, தொட்டால் மெத்தென்று இருக்கும். அங்கே அதிகம் விரும்பப்படும் நார்ட்மன் ஃபிரில் ஊசியின் அடிப்பக்கம் இரண்டு வெள்ளைக் கோடு ஓடும். ஸ்புரூஸ் ஊசி நாலு பட்டையாக இருக்கும், விரலிடுக்கில் வைத்து உருட்டலாம். பைனில் ஊசிகள் இரண்டாகவோ மூன்றாகவோ ஐந்தாகவோ ஒரே இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பும். நம் பாரிமுனைக் கடைகளில் இந்த மூன்றுக்கும் ஒரே பெயர், ‘பைன் மரம்’. கேட்டால் ஆமாம் என்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, நம்மில் முக்கால்வாசிப் பேர் இந்த மரங்களைப் பக்கத்தில் நின்று பார்த்ததே இல்லை.

நாம் பார்த்தது சவுக்கு. அது ஊசியிலை மரமே இல்லை. ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டுமென்று 19ஆம் நூற்றாண்டில் நம் கடலோரமெங்கும் நட்டு வளர்த்த மரம். அந்தப் பச்சை நூலைக் கணுவில் கழற்றி மறுபடி பொருத்தி, “எங்க உடைஞ்சிருக்கு சொல்லு” என்று சின்ன வயதில் விளையாடியிருப்பீர்கள். அந்த நூல் இலையல்ல, மெல்லிய கிளை. நிஜமான இலை அந்தக் கணுவில் செதில் செதிலாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மாமியார் மனதில் இருக்கும் கிறிஸ்துமஸ் மரம் பளபளக்காது. இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். ஒரு கிளை மேலே போகும், ஒரு கிளை தொங்கும். வீட்டுக்குள் வந்தால் மண்ணும் பச்சையும் கலந்த ஒரு வாசனை வரும். இதையெல்லாம் வைத்துத்தான் அவர் உங்கள் மரத்தை அளக்கிறார். சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், நல்ல செயற்கை மரத்தைத் தேர்ந்தெடுக்க, வாசனையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதே அளவுகோல் போதும்.

ஒரு மரம் பிளாஸ்டிக் என்று நம் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மூன்று விஷயம். பளபளப்பு, அடி முதல் நுனி வரை ஒரே பச்சை, எந்தக் கிளையைப் பார்த்தாலும் ஒரே அச்சு. அடர்த்தி இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். நிஜ ஃபிர் மரத்தில் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே கை நுழைகிற அளவு இடைவெளி இருக்கும், உள்ளே பழுப்பு நிறத்தில் தண்டு தெரியும். தண்டு தெரிவதால் எந்த மரமும் பொய்யாகிவிடாது. அந்தத் தண்டு பச்சை பெயின்ட் அடித்த இரும்பு பைப்பாகப் பளிச்சென்று நிற்கும்போதுதான் பொய் தெரிகிறது.

இப்போது பொருளுக்கு வருவோம். சந்தையில் இரண்டு ஜாதி. ஒன்று பி.வி.சி., அதாவது பாலிவினைல் குளோரைடு. மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஊசி ஊசியாகக் கத்தரித்து, இரண்டு கம்பிக்கு நடுவே விட்டு முறுக்கிவிடுவார்கள். பாட்டில் கழுவும் பிரஷ்ஷை எடுத்துப் பாருங்கள், அதே வேலைதான். 1930களில் பிரஷ் செய்யும் இயந்திரங்களிலேயே இப்படி மரம் செய்யத் தொடங்கினார்கள் என்று பரவலாக ஒரு கதை உண்டு. கதை எந்த அளவு சரியோ, கிளையைக் கையில் பிடித்தால் நம்பத்தான் தோன்றும். அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், வாத்து இறகுக்குப் பச்சைச் சாயம் போட்டுக் கம்பியில் சுற்றி மரம் செய்தார்கள். அந்த இறகு மரங்களில் கிளைகள் தள்ளித் தள்ளி இருக்கும். படத்தில் பார்க்கும்போது எனக்கு அவை இன்றைய அடர்த்தி மரங்களைவிட நிஜமாகத்தான் தெரிகின்றன.

இன்னொரு ஜாதி பி.இ., அதாவது பாலிஎத்திலீன். இதில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தி நுனிகளை வார்க்கிறார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் அச்சையே நிஜக் கிளையிலிருந்து எடுப்பார்கள். அதனால் ஊசிக்குத் தடிமன் இருக்கும், மேல்பக்கம் ஒரு பச்சை, கீழ்ப்பக்கம் வெளிறின பச்சை என்று நிறம் மாறும், நடுவில் பழுப்புக் காம்பு தெரியும். கையில் எடுத்தால் உடனே பிடிபட்டுவிடும். பி.வி.சி. ஊசி காகிதம் மாதிரி மடங்கும், பி.இ. ஊசி ரப்பர் மாதிரி வளைந்து திரும்பி நிற்கும்.

இங்கேதான் உங்கள் 1,200க்கும் 800க்கும் பதில் இருக்கிறது. பெரும்பாலான நல்ல மரங்கள் கலப்புதான். கண்ணில் படுகிற வெளிநுனிகள் பி.இ., உள்ளே தண்டை ஒட்டி இடம் அடைக்க பி.வி.சி. முழுவதும் பி.இ. என்றால் விலையும் எடையும் எங்கேயோ போய்விடும், வீட்டுக்கு அது தேவையும் இல்லை. நீங்கள் அனுப்பிய விவரத்தில் 800 டிப்ஸ் மரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘பி.இ. + பி.வி.சி.’ என்று இருக்கிறது. 1,200 மரத்துக்குக் கீழே பொருளின் பெயரே இல்லை. பெயர் போடாவிட்டால் அது பி.வி.சி. என்றே எடுத்துக்கொள்ளுங்கள், பி.இ. கலந்தவர்கள் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

டிப்ஸ் எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொந்தக் கதை. ஒரு வருஷம் அவசர ஆர்டர், 1,200 டிப்ஸ் என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்த ஆறடி மரம் நான்கு வாங்கினேன். எங்கே என்று சொல்லவில்லை. மூன்றைப் பிரித்து நிறுத்தியதும் என்னோடு வேலை செய்கிற பையன் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, எண்ணிப் பாத்துடலாமா?” என்றான். சாயங்கால டீயைத் தள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். எண்ணிய ஒவ்வொரு நுனியிலும் சிவப்பு நூல் துணுக்கு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டே வந்தான். தண்டுக்கு ஒட்டி, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குச்சிகளையும் விடவில்லை. 760 சொச்சத்தில் நூலும் முடிந்தது, மரமும் முடிந்தது. எல்லாப் பெட்டியும் இப்படிப் பொய் சொல்லும் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் அது நுனியின் அகலத்தைச் சொல்லாது, பொருளைச் சொல்லாது, கம்பியின் தடிமனைச் சொல்லாது. இரண்டு சென்டிமீட்டர் ஊசி வைத்த நுனியும் ஆறு சென்டிமீட்டர் ஊசி வைத்த நுனியும் கணக்கில் ஒன்றுதான்.

ஆன்லைனில் வாங்கியே ஆக வேண்டுமென்றால் நான் முதலில் பார்ப்பது எடையை. ஆறடி மரம் ஸ்டாண்டோடு சேர்த்து மூன்று கிலோவுக்குள் என்றால் போன வருஷத்துக் குடைக்கம்பிதான் மறுபடியும் வரும். ஏழு எட்டு கிலோவைத் தாண்டினால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று பொருள். அப்புறம், விற்பவர் போட்ட படத்தை விட்டுவிட்டு வாங்கியவர்கள் போட்ட படத்தைத் தேடுங்கள், அதிலும் பந்தும் நட்சத்திரமும் தொங்கவிடாத மரத்தின் படமாகப் பாருங்கள். அலங்காரம் செய்துவிட்டால் எந்த மரமும் அழகுதான்.

நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள். பிராட்வே, பாரிமுனைப் பக்கம் நவம்பர் பாதியிலேயே சரக்கு இறங்கிவிடும். டிசம்பர் இரண்டாவது வாரத்துக்கு மேல் போனால் கூட்டத்தில் மரத்தைப் பிரித்துக் காட்டக்கூட ஆளிருக்காது. கடையில் விரித்து வைத்திருக்கும் மாதிரி மரத்திலிருந்து நாலு எட்டு தள்ளி நில்லுங்கள். உங்கள் ஹாலில் சோபாவிலிருந்து மரத்துக்கு அவ்வளவு தூரம்தான் இருக்கும். அங்கிருந்து போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள், படத்தில் வெள்ளை வெள்ளையாக மினுங்கினால் அதை விட்டுவிடுங்கள். கிட்டே போய் ஒரு கிளையை நுனியிலிருந்து தண்டுப் பக்கமாக, எதிர்த்திசையில் உருவுங்கள். நாலைந்து ஊசி கையில் வருவது சகஜம், கை நிறைய வந்தால் வீட்டில் தினமும் பெருக்க வேண்டியிருக்கும். ஒரு நுனியை வளைத்து விட்டுப் பாருங்கள். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பினால் கம்பி மெலிசு, கண்ணாடிப் பந்து ஒன்று தொங்கவிட்டாலே தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். பி.இ. மரமென்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நாலு நுனிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததாக இருந்தால் முதல் நாள் தெரியாது, ஒரு வாரத்தில் கண் கண்டுபிடித்துவிடும். இரண்டு மூன்று அச்சு கலந்திருந்தால் நல்லது.

பனி தெளித்த மரம் வேண்டவே வேண்டாம். முதல் வருஷம் அழகாகத்தான் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் அந்த வெள்ளைப் பொடி பரணில் கிடந்து பழுப்பேறி, அடுத்த வருஷம் பழைய வேட்டி நிறத்தில் வரும். ஒரு ஓட்டலுக்கு ஆசைப்பட்டு அப்படி இரண்டு மரம் வாங்கிக் கொடுத்து, மறு வருஷம் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். தரையில் உதிர்கிற பொடியைக் குழந்தை வாயில் வைக்கும் என்பது தனிக் கவலை.

உயரத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் போட்டிருப்பது ஸ்டாண்டின் அடியிலிருந்து உச்சிக் குச்சி வரை உள்ள அளவு. அதற்கு மேல் நட்சத்திரம் ஒரு முக்கால் அடி. நம் ஃபிளாட்களில் கூரை ஒன்பதரை அல்லது பத்தடி, ஃபேன் இறக்கை அதற்கு ஒரு அடி கீழே. மூலையில் வைத்தால் ஃபேன் இடிக்காதுதான், ஆனால் காற்று படும், தொங்குகிற காகித நட்சத்திரமெல்லாம் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். உயரத்தைவிட அகலம் முக்கியம். முழு வடிவ ஆறடி மரத்தின் அடிச்சுற்று குறுக்கே மூன்றரையிலிருந்து நாலு அடி வரும். வாங்குவதற்கு முன்னால் ஹாலில் மரம் வைக்கப் போகிற இடத்தில் சாக்பீஸாலோ கோலப்பொடியாலோ நாலடி வட்டம் ஒன்று போட்டு இரண்டு நாள் விட்டுவைத்துப் பாருங்கள். பால்கனிக் கதவு திறக்கிறதா, சோபாவுக்கு நடுவே ஆள் போக முடிகிறதா, கேரல் பாட வருகிறவர்கள் பதினைந்து பேரும் கிதாரோடு நிற்க இடம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் ஒல்லி வடிவம் வாங்குங்கள், இரண்டு இரண்டரை அடி அகலத்தில் கிடைக்கிறது.

குடிலையும் மறந்துவிடாதீர்கள். மரத்தை மட்டும் மனதில் வைத்து வாங்கிவிட்டு, 24ஆம் தேதி ராத்திரி மாட்டுத்தொழுவத்தை எங்கே வைப்பது என்று முழிக்கிற வீடுகள் நிறைய. செயற்கை மரத்தின் கடைசி அடுக்குக்கும் தரைக்கும் நடுவே முக்கால் அடிதான் இருக்கும், ஒன்றரை அடிக் குடில் அதற்கடியில் போகாது. உங்கள் ஹாலுக்கு நான் சொல்வது, ஆறடி மரத்துக்குப் பதிலாக ஐந்தடி மரம் வாங்கி, ஒரு அடி உயர மரப்பெட்டி மேல் நிறுத்துங்கள். மொத்த உயரம் அதேதான், அகலம் குறைகிறது, குடிலுக்கு இடம் கிடைக்கிறது, ஐந்தடி என்பதால் அதே காசுக்கு ஒரு படி நல்ல நுனி வாங்கலாம். பெட்டியோடு சேர்த்து ஸ்டாண்டைச் சுற்றிப் பழைய கோணிச் சாக்கைக் கொசுவி மூடிவிட்டால், சிவப்புச் சாட்டின் பாவாடையைவிட ஆயிரம் மடங்கு நிஜமாக இருக்கும்.

ஸ்டாண்ட் இரும்பில் நாலு காலாக இருக்கட்டும். பிளாஸ்டிக் முக்காலி பூனை உள்ள வீட்டுக்கு ஆகாது. பூனை ஏறத்தான் செய்யும், அதைத் தடுக்க யாராலும் முடியாது, மரம் விழாமல் தடுக்க முடியும். நடுப் பைப்பில் முக்கால் உயரத்தில் தூண்டில் நரம்பைக் கட்டி ஜன்னல் கிரில்லில் இழுத்துக் கட்டிவிடுங்கள். தெற்கே அதைத் தங்கூசி என்பார்கள். இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. கிளைகள் பைப்போடு கீல் வைத்துச் சேர்ந்ததாக இருந்தால் நிறுத்துவதும் மடக்குவதும் சுலபம். ஒவ்வொரு கிளையாகக் கொக்கியில் மாட்டுகிற மரத்தில் இரண்டாவது வருஷமே நாலு கிளை காணாமல் போகும்.

விளக்கு சேர்ந்தே வரும் மரம் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு வரிசை அணைந்தால் மரத்துக்குள் அதைத் தேடி எடுப்பது தலைவலி. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் ஆசையாகக் கொண்டுவந்து தரும் மரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் ஒரே நொடியில் எல்லாம் முடிந்துவிடும். சீரியல் செட்டைத் தனியாக, எல்.இ.டி.யில், மஞ்சள் கலந்த வெள்ளையில் வாங்குங்கள். நீலம் அடிக்கும் வெள்ளை வெளிச்சத்தில் எவ்வளவு நல்ல பி.இ. மரமும் பிளாஸ்டிக்காகிவிடும். மஞ்சள் வெளிச்சத்தைத் தண்டை ஒட்டி உள்ளே முதலில் சுற்றி, அப்புறம் வெளியே கொண்டுவந்தால் மலிவு பி.வி.சி. மரத்துக்குக்கூட ஒரு ஆழம் வந்துவிடும்.

குழந்தை இருப்பதால் இன்னும் இரண்டு விஷயம். முன்பெல்லாம் பி.வி.சி. சீக்கிரம் சிதையாமல் இருக்க ஈயச் சேர்மங்களைக் கலப்பது வழக்கம். மரம் பழசாகி பிளாஸ்டிக் பொடியும்போது அந்த ஈயமும் தூசியோடு வரக்கூடும். அதனால் யாராவது பதினைந்து வருஷத்துப் பழைய மரத்தை இலவசமாகக் கொடுத்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். புது மரமென்றாலும் பிரித்ததும் மூக்கைத் துளைக்கிற வாடை வந்தால் இரண்டு நாள் பால்கனியில் நிழலில் காற்றாட நிறுத்திவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். அடுத்தது நெருப்பு. பி.வி.சி.யில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின், அதனால் அது சட்டென்று பற்றாது, பற்றினால் வரும் புகை மோசமானது. பி.இ. அப்படியல்ல, வேதியியலில் அது மெழுகுவத்திக்குப் பங்காளி. தீயைத் தாமதப்படுத்தும் பொருள் கலந்திருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். கலந்திருந்தாலும் எரியவே எரியாது என்று அர்த்தமில்லை, தாமதமாகும், அவ்வளவுதான். குடில் முன்னால் மெழுகுவத்தி ஏற்றுகிற வழக்கம் இருந்தால் அதை மரத்திலிருந்து எட்டத் தள்ளி, வேறு மேசையில் ஏற்றுங்கள்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் போட்ட கணக்கில், இரண்டு மீட்டர் செயற்கை மரம் ஒன்றுக்குச் சுமார் 40 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே உயர நிஜ மரம் குப்பைமேட்டில் மக்கினால் 16 கிலோ, எரித்தால் மூன்றரை கிலோ. ஆகவே எரிக்கிற நிஜ மரத்தோடு ஒப்பிட்டால், பத்து வருஷமாவது வைத்திருந்தால்தான் செயற்கை மரத்துக்குக் கணக்கு நேராகும் என்பார்கள். 2009ல் கனடாவின் மான்ட்ரியாலில் நடந்த ஆய்வு ஒன்று இருபது வருஷம் என்றது. இந்தக் கணக்கெல்லாம் பண்ணையில் வளர்த்த ஃபிர் மரத்தோடு ஒப்பிட்டது. நம் வீட்டில் ஒப்பிட வேண்டியது சவுக்குக் கிளையோடு, அந்தக் கணக்கை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை, போட்டால் சவுக்குதான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். நல்ல கலப்பு மரம் சென்னையில் எட்டிலிருந்து பத்து வருஷம் உழைத்துப் பார்த்திருக்கிறேன். மலிவு பி.வி.சி. மூன்று நாலு வருஷத்தில் மொட்டையாகிவிடும். இதில் பாதி மரத்தின் தரம், மீதி அதைப் பரணில் வைத்த விதம்.

சரி, மரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கிளை விரிக்கச் சோம்பல்பட்டால் அது குடைக்கம்பிதான். போன வருஷத்து மரத்தைக்கூட நீங்கள் அவசரமாக விரித்திருப்பீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பெட்டிக்குள் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்து வருகிற கிளை, கட்டிவைத்த விசிறி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஐந்தடி மரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காட்டன் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கீழ் அடுக்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு கிளையைப் பிடித்தால் தண்டை ஒட்டியிருக்கும் குச்சியிலிருந்து தொடங்க வேண்டும், எல்லோரும் நுனியைத்தான் முதலில் விரிப்பார்கள், அதனால்தான் உள்ளே ஓட்டை விழுகிறது. முதல் குச்சியை மேலே தூக்குங்கள், அடுத்ததை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம், ஒன்றைக் கொஞ்சம் கீழே. நடு நுனியை நேராக விட்டு, கடைசி ஒரு அங்குலத்தை மட்டும் லேசாக மேல்நோக்கி வளையுங்கள், வெளிச்சத்தைத் தேடி எழும்புகிற மாதிரி. எல்லாக் கிளையையும் இப்படி ஒரே சீராகச் செய்துவிட்டு, கடைசியில் அந்தச் சீரைக் கொஞ்சம் கெடுங்கள். கீழ் அடுக்கில் இரண்டு கிளையைப் பாரம் தாங்காத மாதிரித் தொங்கவிடுங்கள். ஒரு இடத்தில் இடைவெளியை வேண்டுமென்றே விடுங்கள், அதில் பெரிய பந்து ஒன்றை உள்ளே தள்ளித் தொங்கவிடலாம். என்னோடு வேலை செய்கிற அந்தப் பையன் இதை “மரத்தைக் கலைச்சு விடறது” என்பான். பைப் பளிச்சென்று தெரிந்தால் சணல் கயிற்றையோ பழுப்புத் துணியையோ அதில் சுற்றிவிடுங்கள்.

திரும்ப எடுத்து வைக்கும்போது வந்த அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள், கரையானுக்கு அது விருந்து. கிளையை மடக்கி, பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கயிறு கட்டி, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவிலோ ஜிப் பையிலோ போடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் பரண் என்றால் மே மாதச் சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடும், கட்டிலடி நல்ல இடம். பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரிக் கடலோர வீடுகளில் கம்பி துருப்பிடிக்கும். வேளச்சேரிக்கு அந்தத் தொல்லை குறைவு.

ஆக, நீங்கள் காட்டிய இரண்டில் 800 போட்டதைத்தான் நான் எடுப்பேன், அதுவும் ஐந்தடி அளவில் கிடைத்தால். பட்ஜெட் இடிக்கிறது என்றால் மங்கலான பச்சையில், பழுப்புத் தண்டு வைத்த பி.வி.சி. மரம் ஒன்றைப் பார்த்து வாங்கி, மீதிக் காசில் நல்ல மஞ்சள் விளக்கு வாங்குங்கள். எதை வாங்கினாலும் 23ஆம் தேதி சாயங்காலம் மாமியாரிடம் சொல்லி நாலு சவுக்குக் கொம்பு வாங்கிவரச் சொல்லுங்கள். முழ நீளத்துக்கு ஒடித்து, தண்டை ஒட்டி, விளக்கு ஒயர் படாத பக்கமாகச் செருகிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் பச்சையாக நிற்கும், வாசனையும் வரும். அதற்கு முன்னால் செருகினால் பண்டிகைக்குள் காய்ந்து உதிர்ந்துவிடும். 26ஆம் தேதி ஞாபகமாக உருவி எடுத்துவிடுங்கள், காய்ந்த சவுக்கு விறகுதான்.